எட்டாவது வழக்கும் ஒரு மகத்தான படமும்

2020 நவம்பரில் தென்கொரியாவின் சுவோன் மாவட்ட நீதிமன்றத்துக்கு லீ சூன்-ஜே சாட்சி சொல்ல வந்தான். 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் வட்டாரத்தில் நடந்த பத்துக் கொலைகளையும் செய்தது தான்தான் என்று அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தவன். அந்தக் கொலைகளை வைத்து வந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தைப் பற்றிய பேச்சும் அன்று எழுந்தது. சிறையில் பார்த்ததாகவும், ஒரு சினிமாவாக மட்டுமே பார்த்ததாகவும், எந்த உணர்வும் வரவில்லை என்றும் அவன் சொன்னான். நான் படித்த சினிமாச் செய்திகளில் எல்லாம் அந்தப் பதில்தான் தலைப்பாக வந்திருந்தது.

ஆனால் அன்று நீதிமன்றம் கூடியதே வேறொரு மனிதருக்காக. எட்டாவது கொலையைச் செய்தவர் என்று 1989இல் கைது செய்யப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்று, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு 2009இல் பரோலில் வெளியே வந்தவர் அவர். மறுவிசாரணை கேட்டு வாங்கியதும் அவர்தான். கொலைகாரன் சாட்சிக்கூண்டில் ஏறியது அந்த வழக்கில்தான். செய்தியின் கடைசிப் பத்தியில் அவருக்கு ஒரு வரி கிடைத்தது.

இந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசிப் பத்தி நினைவுக்கு வருகிறது. உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த ஒரு குற்றப் படத்தை விமர்சகர்கள் எப்படிப் படித்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரிந்து இல்லை. படம் மகத்தானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றுகிறது.

இயக்குநர் போங் ஜூன்-ஹோவுக்கு இது இரண்டாவது முழுநீளப் படம். 2000இல் வந்த முதல் படம் திரையரங்கில் ஓடவில்லை. 2003இல் இது வந்தபோது தென்கொரியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்நாட்டின் கிராண்ட் பெல் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என மூன்றும் கிடைத்தன. நடிகர் விருது சோங் காங்-ஹோவுக்கு. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிப்பி. 1992க்குப் பிறகு வந்த படங்களில் தனக்குப் பிடித்த இருபதை க்வென்டின் டரான்டினோ பட்டியலிட்டபோது அதிலும் இது இருந்தது. மக்கள் கூட்டமும் விமர்சகர் கூட்டமும் ஒரே படத்தை இப்படிச் சேர்ந்து கொண்டாடுவது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

கொண்டாட்டத்துக்குக் காரணம் இருந்தது. கொலை விசாரணைப் படங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: புத்திசாலித் துப்பறிவாளர் வருவார், துணுக்குகளைச் சேர்ப்பார், கடைசியில் கைவிலங்கு. இந்தப் படத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. வயல் வரப்பில் கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மீது டிராக்டர் ஏறிப் போகிறது. சம்பவ இடத்துக்கு வருகிற அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் வழுக்கி விழுகிறார்கள். ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற உள்ளூர்த் துப்பறிவாளர் பார்க் டூ-மான். ஆவணங்கள் பொய் சொல்லாது என்று நம்புகிற, சியோலிலிருந்து வந்த சியோ டே-யூன். படம் முடியும்போது இருவருடைய நம்பிக்கையும் சுக்குநூறாகிவிடுகிறது. ஆவணத்தை நம்பியவர் கையில் துப்பாக்கியை எடுக்கிறார். கண்ணை நம்பியவர் எதிரில் நிற்பவனின் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்கிறார். "சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று அப்போது அவர் கேட்கிற கேள்வி சோங் காங்-ஹோ படப்பிடிப்பில் தானாகச் சேர்த்தது. கொரிய ரசிகர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிற வசனம் அது.

காலத்தையும் படம் சரியாகப் பிடித்தது. சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சிக் காலம். கொலைகாரன் அடுத்த ஆளைத் தேடுகிற இரவில் காவல் அதிகாரி கூடுதல் படை கேட்டுத் தொலைபேசியில் கெஞ்சுகிறார். போராட்டக்காரர்களை அடக்கப் போயிருக்கிறார்கள், ஆள் இல்லை என்று பதில் வருகிறது. குடிமக்களை அடிக்கப் படை இருக்கிறது, காப்பாற்ற இல்லை. இதைக் கொரிய விமர்சகர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். முகம் தெரியாத கொலைகாரன் அந்தக் காலத்துக்கே ஓர் உருவகம் என்ற வாசிப்பு அங்கிருந்து வளர்ந்து பிற நாடுகளுக்கும் போனது. நல்ல வாசிப்புதான். படமே அதற்கு இடம் கொடுக்கிறது.

என் மனத்தாங்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போகப் போக அந்த வாசிப்பில் காலமும் அரசும் மெல்லக் கழன்று, 'உண்மை என்பதை அறியவே முடியாது' என்ற தத்துவம் மட்டும் தங்கியது. 2007இல் டேவிட் ஃபின்ச்சரின் 'ஸோடியாக்' வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது வழக்கமாயிற்று. தீராத வழக்கு, சிதையும் மனிதர்கள், அறிய முடியாமையின் அழகியல் என்று ஒரு வகைமையே உருவானது. படத்தின் கடைசி ஷாட்டைப் பற்றி எழுதாத கட்டுரை கிடையாது. வேலையை விட்டுவிட்டு வியாபாரம் செய்யும் பார்க், 2003இல் பழைய வயலுக்கு வருகிறார். முதல் சடலம் கிடந்த கால்வாயைக் குனிந்து பார்க்கிறார். கொஞ்ச நாள் முன்பு இன்னொருவரும் இப்படி வந்து பார்த்தார் என்று ஒரு சிறுமி சொல்கிறாள். எப்படி இருந்தான்? சாதாரணமான முகம். பார்க் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் திரையரங்குக்கு வருவான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த ஷாட் என்று போங் சொல்லியிருக்கிறார்.

2003இல் அவன் திரையரங்குக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை. மனைவியின் தங்கையை 1994இல் சோங்ஜுவில் கொன்றதற்காக ஆயுள் கைதியாக உள்ளே இருந்தான். 2019 செப்டம்பரில், பழைய ஆதாரப் பொருள்களில் எடுத்த டிஎன்ஏ அவனுடையதோடு பொருந்தியது. பிறகு அவன் 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். வழக்குத் தொடர்வதற்கான 15 ஆண்டுக் காலவரம்பு 2006இலேயே முடிந்துவிட்டதால் அவற்றுக்காக அவனைத் தண்டிக்க முடியாது.

விசாரணையின் அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். காவலர்களின் உழைப்பு நாள் கணக்கில் 20 லட்சத்துக்கும் மேல். சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்பட்டவர்கள் 21,000க்கும் மேல். லீ சூன்-ஜேயும் அவர்களில் ஒருவன். அந்த நாட்களிலேயே அவனை ஒரு முறைக்கு மேல் விசாரித்திருக்கிறார்கள். கொலைகாரனின் ரத்தம் பி வகை என்று காவல்துறை நம்பிக்கொண்டிருந்தது. அவனுடையது ஓ வகை. அனுப்பிவிட்டார்கள்.

இந்த ஒரு தகவல் போதும், அறிய முடியாமை என்கிற அந்தத் தத்துவ வாசிப்பை மறுபடி உட்கார்ந்து யோசிக்க. உண்மை எங்கோ மூடுபனிக்குள் ஒளிந்திருக்கவில்லை. காவல் நிலையத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. தவறான ஒரு ஊகத்தை யாரும் சரிபார்க்காததால் நடந்தது இது. 'மனித அறிவின் எல்லை' என்று இதைச் சொன்னால், அந்த ஊகத்தை எழுதிய கைக்கும் அதன் மேல் கையெழுத்திட்ட கைக்கும் பொறுப்பே இல்லாமல் போகிறது.

சரி, எட்டாவது வழக்குக்கு வருகிறேன். 1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டாள். மற்றவை பெரும்பாலும் வயல்வெளியிலும் பாதையோரத்திலும் நடந்தவை என்பதால் இது வேறு யாரோ அவற்றைப் பார்த்து அதேபோலச் செய்த கொலை என்று காவல்துறை முடிவுகட்டியது. சம்பவ இடத்தில் கிடைத்த முடியை ஆய்வுக்கு அனுப்பி, அதன் முடிவை வைத்து 22 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்தார்கள். விவசாயக் கருவிகள் பழுதுபார்க்கும் வேலை. சிறு வயதில் வந்த போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். அவர் சுவர் ஏறி உள்ளே போனார் என்பது வழக்கு. தூங்க விடாமல் வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். மேல்முறையீட்டில் அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் இப்போது நினைவுபடுத்திப் பாருங்கள். மனவளர்ச்சி குன்றிய பேக் குவாங்-ஹோவைக் காட்டுக்குக் கூட்டிப் போய்க் குழி தோண்டச் சொல்லி, டேப் ரெக்கார்டரை வைத்து வாக்குமூலம் வாங்குகிறார்கள். அவனுடைய ஷூவை வைத்துக் காலடித் தடத்தை உருவாக்குகிறார்கள். இன்னொருவனைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். ஷூவுக்கு மேல் துணி உறையை மாட்டிக்கொண்டு உதைக்கிற சோ யோங்-கூ என்ற காவலர் இருக்கிறார், காயம் வெளியே தெரியக் கூடாதாம். அடித்த கையோடு கைதியுடன் சேர்ந்து உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டபடி டிவியில் துப்பறியும் தொடர் பார்க்கிறார்கள்.

போங் இதையெல்லாம் மறைக்கவில்லை. வழக்கைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்துவிட்டு எழுதியவர், வதை எவ்வளவு அன்றாடமாக இருந்தது என்று தெரிந்தே காட்டியிருக்கிறார். விமர்சனங்கள் இந்தக் காட்சிகளுக்குக் கொடுத்த பெயர்தான் எனக்கு உறுத்தல். கறுப்பு நகைச்சுவை, திணறும் காவலர்களின் கோமாளித்தனம், தொனி மாற்றத்தில் இயக்குநரின் லாவகம். ஆங்கிலத்தில் வந்த விமர்சனங்களில் இந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. லாவகம் உண்மைதான். அடியும் சிரிப்பும் ஒரே ஷாட்டில் வருவது எளிதான காரியமல்ல. ஆனால் அந்தக் குழிக்குள் நின்று வாக்குமூலம் சொல்கிறவனின் பக்கத்திலிருந்து அந்தக் காட்சியைப் பார்த்து எழுதிய விமர்சனம் எத்தனை? நான் படித்த வரையில் மிகக் குறைவு.

இன்னொன்று. படம் வெளியான அதே 2003இல் ஒரு கொரிய வார இதழ் அந்த எட்டாவது வழக்குக் கைதியைச் சிறையில் சந்தித்துப் பேட்டி எடுத்தது. தான் அந்தக் கொலையைச் செய்யவில்லை என்று அவர் அப்போதே சொன்னார். அரை கோடிப் பேர் திரையரங்கில் உட்கார்ந்து, கட்டாய வாக்குமூலம் எப்படித் தயாராகிறது என்று விலாவாரியாகப் பார்த்த ஆண்டு அது. அதே வழக்கில், அதே வட்டாரக் காவலர்களிடம், அதே விதமாக வாக்குமூலம் கொடுத்ததாகச் சொல்கிற ஒரு மனிதர் உயிரோடு உள்ளே இருக்கிறார். படம் எழுப்பிய அவ்வளவு பெரிய விவாதத்தில் ஒரு சிறு பகுதி அவர் பக்கம் திரும்பியிருந்தால்கூட மறுவிசாரணை பதினாறு ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கியிருக்கலாம். அப்படி நடந்தே இருக்கும் என்று சொல்ல வரவில்லை. பேட்டி அச்சில் இருந்தது, படம் திரையில் இருந்தது, இரண்டையும் சேர்த்து வைத்துப் பேச வேண்டியவர்கள் விமர்சகர்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

'தீராத வழக்கு' என்று எழுதும்போதே எட்டாவது வழக்கு கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. அதுதான் 'தீர்ந்த' வழக்காயிற்றே. படமும் அதைத் தொடவில்லை. ஒரு கலைப்படைப்பு எதை எடுத்துக்கொள்கிறது, எதை விடுகிறது என்பது அதன் உரிமை, அதற்காகப் போங்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உண்மைச் சம்பவப் படம் வரும்போது விட்டதை எடுத்துப் பார்ப்பது விமர்சனத்தின் வேலை. மழைநாள், சிவப்பு உடை, வானொலியில் ஒலிக்கும் பாட்டு என்று படம் கோத்துக் கொடுத்த அடையாளங்கள் கொரியாவில் பலருக்கு வழக்கின் உண்மைகளாகவே மனதில் பதிந்துவிட்டன. நிஜத்தில் கொலைகள் எல்லாம் மழையில் நடக்கவில்லை. படத்தின் நினைவு வழக்கின் நினைவை மூடிக்கொண்டது.

கொல்லப்பட்டவர்களில் பள்ளிச் சிறுமிகள் முதல் 71 வயது மூதாட்டி வரை இருந்தார்கள். படத்தில் பெண்கள் பெரும்பாலும் சடலங்களாகவே வருகிறார்கள் என்ற விமர்சனம் உண்டு, நியாயமானதும்கூட. ஆனாலும் நான் இங்கே படத்தின் பக்கம் கொஞ்சம் நிற்பேன். கொலை நடக்கிற இரவுகளில் ஒரே பாட்டு ஒலிபரப்பாகிறது என்று முதலில் கண்டுபிடிப்பது நிலையத்தில் மற்றவர்கள் காபி போடச் சொல்கிற பெண் காவலர். கொலைகாரனின் கைகள் மென்மையாக இருந்தன என்ற, படத்திலேயே மிக உறுதியான தடயத்தைத் தருவது உயிர் தப்பிய ஒரு பெண். ஆண்கள் கண்ணை நம்பியும் காகிதத்தை நம்பியும் அலைகிற நேரத்தில், கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதைப் படம் அழுத்தாமல் சொல்லிவிட்டுப் போகிறது. இரண்டு துப்பறிவாளர்களின் மோதலைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்த இரண்டு பெண்களுக்கும் சில வரிகள் கொடுத்திருக்கலாம்.

2019இல் கொலைகாரனின் பெயர் வெளியே வந்தபோது போங் வேறொரு படத்துக்காக உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலும் இதைக் கேட்டார்கள். அவனுடைய முகத்தைப் புகைப்படத்தில் பார்த்ததாகவும், தன் உணர்வை விளக்க இன்னும் காலம் வேண்டும் என்றும், விடாமல் தேடிய காவல்துறையைப் பாராட்டுவதாகவும் சொன்னார். அந்த நேரத்தில் மனித இயல்பான பதில். ஆனால் காவல்துறை பழைய வழக்குகளை மறுபடி விசாரித்த போக்கில் வெளிவந்தவை பாராட்டுக்குரியவை அல்ல. 1989இல் காணாமல் போன ஒரு தொடக்கப் பள்ளிச் சிறுமியின் எச்சங்களை அப்போதைய காவலர்களே கண்டெடுத்து, வெளியே சொல்லாமல் மறைத்தார்கள் என்று 2019 டிசம்பரில் காவல்துறையே அறிவித்தது. அந்தச் சிறுமியையும் லீதான் கொன்றான். மகள் காணாமல் போனாள் என்று மட்டும் நம்பிக்கொண்டு அவளுடைய பெற்றோர் முப்பது ஆண்டுகள் இருந்தார்கள். மறைத்தவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் காலவரம்பு தாண்டிவிட்டிருந்தது.

இதைப் படித்த பிறகு நான் படத்தை மறுபடி பார்த்தேன். கோமாளித்தனம் என்று எழுதப்பட்ட காட்சிகளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் படம் சிறுத்துப் போகவும் இல்லை. அந்த நூடுல்ஸ் காட்சி முன்பைவிடக் கனமாக இருந்தது. அடித்தவர்களும் அடிபட்டவனும் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். வதையைச் செய்தவர்கள் தங்களைக் கெட்டவர்களாக ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை என்று அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இயக்குநர் 2003இலேயே இதைச் சொல்லி வைத்திருக்கிறார். காதில் வாங்கிக்கொள்ள நமக்கு ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

தீர்ப்பு 2020 டிசம்பர் 17இல் வந்தது. அந்த மனிதர் குற்றமற்றவர் என்று சுவோன் நீதிமன்றம் அறிவித்து, தவறுக்கு மன்னிப்பும் கேட்டது. ஆய்வகத்தின் முடி ஆய்வு முடிவிலும் தவறு இருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் படம் அமெரிக்காவில் மறுவெளியீடு ஆனது. போங்குக்கு ஆஸ்கர் கிடைத்துவிட்ட பிறகு வந்த வெளியீடு என்பதால் புதிய தலைமுறை விமர்சகர்கள் நிறைய எழுதினார்கள். கொலைகாரன் பிடிபட்டதை எல்லோரும் சொன்னார்கள். கடைசி ஷாட்டின் பொருள் மாறிவிட்டதா என்று விவாதித்தார்கள். அவன் பார்த்தானாம், ஒன்றும் தோன்றவில்லையாம் என்பதைத் தொட்டுக் கட்டுரை முடித்தவர்களும் உண்டு. அந்த ஷாட்டை எல்லோரும் கொலைகாரனுக்கும் காவலருக்கும் இடையிலான பார்வையாகவே படிக்கிறார்கள். எனக்கு இப்போது அதில் மூன்றாவது ஆள் தெரிகிறார். 2003இல் பார்க் டூ-மான் நேராகப் பார்க்கிற அந்தத் திசையில், ஒரு சிறை அறையில், பதினான்காவது ஆண்டாகத் தான் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் இருந்தார்.

ஹ்வாசோங் மக்களுக்கும் ஒரு குறை இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் ஊரின் பெயரைக் கொலையோடு சேர்த்தே நாடு உச்சரித்ததை அவர்கள் வெறுத்தார்கள். 2019 டிசம்பரில் காவல்துறை வழக்கின் பெயரை லீ சூன்-ஜே தொடர் கொலை வழக்கு என்று அதிகாரபூர்வமாக மாற்றியது. படத்தைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் பலவற்றில் இன்னும் ஹ்வாசோங் என்ற பெயரும் தீராத வழக்கு என்ற சொல்லும்தான் இருக்கின்றன.

படத்தைப் பற்றிப் புதிதாக எழுதப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நடிப்பையும் ஒளிப்பதிவையும் அந்தக் கடைசி ஷாட்டையும் தாராளமாக எழுதுங்கள், எல்லாம் தகும். அறிமுகப் பத்தியில் மட்டும் 'தீராத வழக்கு' என்பதை எடுத்துவிட்டு இப்படிச் சேருங்கள்: இந்த வழக்கில் கொலைகாரன் 2019இல் அடையாளம் காணப்பட்டான். இந்த வழக்கில் குற்றமற்ற ஒருவர், படம் திரையரங்குகளில் ஓடிய நாட்களிலும் சேர்த்து, சுமார் இருபது ஆண்டுகள் சிறையில் இருந்தார்.